திருப்பிக் கொடுக்கும் கடமை

2009ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், நியூயார்க் நகரிலுள்ள அமெரிக்க நடுவண் அரசு நீதிமன்றம், பெர்னார்டு மேடாஃப் என்னும் எழுபத்தொரு வயது நிதி முதலீட்டாளருக்கு 150 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தீர்ப்புக்கு முன் அவர் தம்மால் வஞ்சிக்கப்பட்டோரை நோக்கித் திரும்பி மன்னிப்புக் கோரினார். 2021 ஏப்ரலில் சிறைவாசத்திலேயே இறந்தார். குற்றவாளி வருந்தினார், தண்டனையும் பெற்றார். அத்தோடு நீதி நிறைவெய்திவிட்டதா? இவ்வினாவைச் சிந்திப்பது நமக்கு நலம் பயக்கும்.

மேடாஃப் செய்த வஞ்சகம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. மக்கள் தந்த பணத்தால் பங்குகளை வாங்கி விற்பதாக அவர் கூறினார். கணக்கு அறிக்கைகளும் ஒழுங்காக வந்தன. ஆனால் பங்குகள் வாங்கப்படவே இல்லை. ஒருவர் இலாபம் கேட்டபோது, மற்றொருவர் செலுத்திய முதலிலிருந்தே அது கொடுக்கப்பட்டது. 2008 டிசம்பரில் அவர் கைதானபோது, பொய்யறிக்கைகள் காட்டிய தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர். மக்கள் உண்மையாகவே செலுத்தி இழந்த முதலோ 1,700 கோடி டாலருக்கும் மேற்பட்டது.

புனித தாமஸ் அக்குவினாரின் போதனை இங்கே நமக்கு ஒளி தருகிறது. பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை இரு காரணங்களால் எழுகிறது என்கிறார் அவர். ஒன்று, அநீதியாகக் கவர்ந்த செயல். மற்றொன்று, பிறருடைய பொருள் நம்மிடம் இருத்தல். முன்னையதில் குற்றம் உண்டு. பின்னையதில் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் கடமை உண்டு.

மேடாஃபிடம் செலுத்தியதைவிட மிகுதியாகப் பெற்றோர் பலர். அவர்களுள் வஞ்சகத்தை அறியாதோரும் இருந்தனர். நன்னம்பிக்கையோடு பெற்றதை நாங்கள் ஏன் திருப்பித் தர வேண்டும் என அவர்கள் கேட்டால், அக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. அறியாமல் பெற்றுச் செலவழித்துவிட்ட எளியவரை ஒழுக்க இறையியல் வதைப்பதில்லை; அவரிடம் எஞ்சியுள்ள ஆதாயத்தின் அளவோடு அவரது கடமையை நிறுத்துகிறது. ஆனால் எஞ்சியிருப்பது அவருடையதென்று அது சொல்வதுமில்லை. அவர் பெற்றது இலாபமன்று, வேறொருவரின் சேமிப்பு.

ஜெஃப்ரி பிக்கவர் என்னும் பெரும் முதலீட்டாளர் 2009இல் இறந்தார். அவருக்கு இவ்வஞ்சகத்தில் பங்கில்லை என்றே அவருடைய மனைவி உறுதியாகக் கூறினார். எனினும் 2010 டிசம்பரில், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து 720 கோடி டாலரைத் திருப்பித் தர இசைந்தார். வழக்கின் நெருக்கடி இதற்குப் பின்னால் இருந்தது மெய்யே. ஆயினும் பலருடைய இழப்பு ஈடுசெய்யப்பட்டது.

தடுக்கக் கடமைப்பட்டிருந்தும் மௌனம் காத்தவரும் ஈடுசெய்ய வேண்டும் என்பது அக்குவினாரின் மற்றொரு போதனை. மேடாஃபின் கணக்கு ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியில் இருந்தது. ஐயம் எழுந்தும் அமெரிக்க அதிகாரிகளுக்கு அதைத் தெரிவிக்கத் தவறிய அவ்வங்கி, 2014இல் வழக்குத் தொடுத்த நடுவண் அரசுக்கு 170 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. இத்தொகையோடு பிக்கவர் சொத்தின் ஒரு பகுதியும் பிறவும் சேர, அமெரிக்க நீதித்துறை 127 நாடுகளைச் சேர்ந்த 40,930 பேருக்கு 430 கோடி டாலருக்கும் மேலாகப் பகிர்ந்தளித்து, 2024 டிசம்பரில் அப்பணியை முடித்தது. 150 ஆண்டுத் தண்டனையால் ஒரு முதியவரின் சேமிப்பும் மீளவில்லை. திருப்பிக் கொடுத்ததாலேயே மீண்டது.

சக்கேயு மனம் மாறியபோது ஆண்டவர் முன் வருந்தி நின்றதோடு அமையவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் நம் பாவம் மன்னிக்கப்படுகிறது. பிறருக்கு நாம் பட்ட கடன் அதனால் நீங்கிவிடுவதில்லை. களவை அறிக்கையிட்டுவிட்டுப் பொருளை நம்மிடமே வைத்துக்கொண்டால், நம் மனத்துயர் மெய்யானதாகுமா? நீதிமன்றம் கேட்கும்வரை காத்திராமல், நம்மிடம் உள்ளவற்றுள் பிறருக்குரியது எது என நாமே ஆய்ந்து, இயன்றதை இன்றே திருப்பித் தருவோம். மேடாஃபின் வாடிக்கையாளருக்கு மட்டுமன்று, நமக்கும் உரிய கடமை இது.