மணற்காட்டில் திரும்பிய வண்டிகள்

(சாமராஜநகரில் பௌர்ணமி நாளன்று கூடிய உபாசக உபாசிகைகளுக்குக் கூறிய அறவுரை)

 

இந்நாளில் சிலர் மோட்டார் வண்டியையே வீடாக அமைத்துக்கொண்டு, இராஜஸ்தானத்துத் தார் பாலைவனம் போன்ற மணல்நாடுகளைச் சுற்றி வருகின்றனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் வண்டிக்குள்ளேயே உண்டு. அவ்வாறு சென்று மீண்ட நம் இளைஞர் ஒருவர், "ஐயா, வழியில் வேறெதற்கும் அஞ்சவில்லை, தண்ணீரைப் பற்றித்தான் நாள்தோறும் கவலை" என்றார். அச்சொல் எனக்கு வண்ணுபத ஜாதகத்தை நினைப்பூட்டிற்று. திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளை ஏறிப் பசுங்காட்டின் வழியே இவ்வூர் வந்து சேரும் நமக்கு மணற்காட்டின் கொடுமை எளிதில் விளங்காது. ஆயினும் அக்கதை நமக்கென்றே கூறப்பட்டது போன்றது.

பகவான் சாவத்தியில் எழுந்தருளியிருந்த காலை, பிக்கு ஒருவர் மழைக்காலம் முழுவதும் தியானத்தில் முயன்றும் பயன் காணாது, மனஞ்சோர்ந்து முயற்சியைக் கைவிட்டார். அவரைப் பகவான் முன் அழைத்துவந்தனர். அப்போது பகவான் உரைத்தருளிய வரலாறு இது.

முன்னொரு காலத்தில் போதிசத்துவர் காசி நாட்டில் பிறந்து, ஐந்நூறு வண்டிகளுடன் வாணிகம் செய்துவந்தார். ஒருமுறை அறுபது யோசனை அகன்ற மணற்காட்டைக் கடக்க நேர்ந்தது. அம்மணல் கைக்குள் அடங்காத அளவு நுண்ணியது. பகலில் தணலாய்க் கொதிப்பது. ஆகவே, விறகும் நீரும் அரிசியும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு, பகலில் வண்டிகளை வட்டமாக நிறுத்திப் பந்தலிட்டு இளைப்பாறி, இரவில் பயணம் செய்தனர். விண்மீன்களைப் பார்த்து வழி சொல்பவன் ஒருவன் முன்வண்டியில் அமர்ந்திருந்தான். ஐம்பத்தொன்பது யோசனை கடந்தாயிற்று. "இன்னும் ஓர் இரவுதானே" என்று எண்ணி, எஞ்சிய விறகையும் நீரையும் கொட்டிவிட்டுப் புறப்பட்டனர். பலநாள் விழித்த வழிகாட்டி அன்றிரவு கண்ணயர்ந்தான். மாடுகள் மெல்லத் திரும்பின. ஒருவரும் அறியவில்லை. பொழுது புலர்ந்தபோது, முன்னாள் தங்கிய அதே இடத்தில் நின்றனர்!

நீர் இல்லை, விறகு இல்லை. யாவரும் வண்டிகளின் கீழ் விழுந்து கிடந்தனர். போதிசத்துவர் மட்டும் சோராது நடந்து, ஓரிடத்தில் புல் முளைத்திருப்பதைக் கண்டார். "கீழே நீர் உண்டு" என்று தோண்டச் செய்தார். அறுபது முழம் தோண்டியதும் பாறை தடுத்தது. எல்லோரும் கைவிட்டனர். அவரோ உள்ளே இறங்கிப் பாறையில் செவி வைத்து, அடியில் நீர் ஓடும் ஓசையைக் கேட்டார். ஏவலிளைஞன் ஒருவனை அழைத்து, சம்மட்டியால் அடிக்கச் சொன்னார். அவன் அடித்தான், பாறை பிளந்தது, பனையளவு நீர் எழுந்தது. எல்லோரும் பருகிக் குளித்து, மாடுகளுக்கும் காட்டி, கிணற்றருகே ஒரு கொடியை நாட்டிவிட்டு, மாலையில் வழி தொடர்ந்தனர்.

"அன்று பாறையைப் பிளந்த இளைஞன், இன்று முயற்சியைக் கைவிட்ட இப்பிக்குவே" என்று பகவான் முடித்தார். சோர்ந்தவனை அவர் இகழ்ந்து தள்ளவில்லை. அவனிடமே இருந்த வலிமையை நினைவூட்டினார். அப்பிக்குவும் அருகத நிலை எய்தினார்.

அன்பர்களே! நம் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று, 22 உறுதிமொழிகளையும் மக்களுக்கு அளித்தார். பாறை என்று பலர் கைவிட்ட இடத்தில் அவர்கள் செவி வைத்துக் கேட்டார்கள். நாம் பருகுவது அவர்கள் பிளந்த பாறையின் நீர்.

ஆனால் இன்று நம் நிலை என்ன? விகாரையில் திரிசரணம் ஓதுகிறோம். வீட்டில் பெண்ணுக்கு வரன் தேடும்போது ஜாதகக் கட்டத்தைக் கையில் எடுக்கிறோம். மேடையில் சாதியை மறுக்கிறோம். சம்பந்தம் பேசும்போது உட்பிரிவைக் கேட்கிறோம். இழவு வீட்டில், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிப் பழைய சடங்குக்கே ஆளை அழைக்கிறோம். இவற்றை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் முன்னே செல்வதாகவே நினைக்கிறோம். வழிகாட்ட வேண்டிய விழிப்பு உறங்கியதால் மாடுகள் பழகிய தடத்துக்குத் திரும்பிவிட்டன. விடிந்து பார்க்கும்போது நம் பாட்டனார் விட்டுப் புறப்பட்ட இடத்தில் நம் பேரப்பிள்ளைகள் நிற்பார்கள்.

தவறியவர் மனம் தளர வேண்டா. ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், வரும் வழியில் மணற்காட்டில் தம் தண்ணீர்ப் பையைத் தவறவிட்டார். சிறிது தொலைவு திரும்பியும் நடந்தார். பின்னர் தம் உறுதியை நினைத்து, மீண்டும் மேற்கு நோக்கியே சென்றார். திரும்பியது தெரிந்தவுடன் வண்டியைத் திருப்புவதே வீரியம்.

ஆகவே பௌர்ணமிதோறும் குடும்பத்தோடு அமர்ந்து, இம்மாதம் எந்தத் திசையில் சென்றோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரும் திருமணம் ஒன்றையேனும், இழவு ஒன்றையேனும் தம்ம முறைப்படி நடத்துங்கள். அதுவே பின்வருவோருக்குக் கிணற்றருகே நாம் நாட்டும் கொடி.

எல்லா உயிர்களும் இன்புறுக! சர்வ மங்களம்!