வளைவை அளக்காமல் கொடுத்த கூலி



 

இந்த வாரம் ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அளவியல் பாடத்தில் அரைக்கோளத்தின் வளைபரப்பு என்று ஒரு கணக்கு. "அத்தா, இதைச் சரி பாருங்கள்" என்று நோட்டைக் கொண்டுவந்தாள். நான் மதரஸாவில் ஃபராயிள் பங்குக் கணக்கு படித்தவன். கோளம், கூம்பு எல்லாம் எனக்கு மறந்துபோன சங்கதி. அவள் சொல்லச் சொல்ல எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காரணம் பதினொரு ஆண்டுகளுக்கு முந்தியது. ஆரணிக்கு வருவதற்கு முன் நான் இமாமத் செய்த வேறோர் ஊர்ப் பள்ளியில், மிஹ்ராபுக்கு முன்னால் ஒரு குப்பா கட்டினோம். உள் விட்டம் 14 அடி. சரியான அரை உருண்டை. கான்கிரீட் போட்டு சென்டரிங் பலகையைப் பிரித்தபோது உள்பக்கம் மேடும் பள்ளமுமாக இருந்தது. அதைப் பூச ஒரு மேஸ்திரியைப் பேசினோம். பொருள் எங்களுடையது, கூலி மட்டும் அவருக்கு. சதுர அடிக்கு 30 ரூபாய்.

நேரான சுவரைப் பூசுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தூக்குக்குண்டு விட்டுப் பொட்டு வைத்து, மட்டப்பலகையால் இழுத்தால் சுவர் சொன்னபடி கேட்கும். குப்பாவில் மட்டப்பலகை எங்கே உட்காரும்? அந்த மனிதர் வட்டத்தின் நடுவில் ஒரு குழாயை நிறுத்தினார். அதன் தலையில், எல்லாப் பக்கமும் சுழலும்படி ஒரு கம்பைப் பொருத்தினார். கம்பின் நுனி தொடும் இடமெல்லாம் ஒரே தூரம். அந்த நுனியை வைத்துக் குப்பா முழுக்கப் பொட்டு வைத்தார். பிறகு பிளைவுட்டில் வளைவை வெட்டி, அதையே மட்டப்பலகையாக்கி இழுத்தார். மணியாஸ்கட்டையையும் வளைவுக்குத் தக்கபடி இழைத்துக்கொண்டார். மஃரிபுக்குப் பிறகு பல்பைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி, நிழல் விழும் இடத்தைத் தேடித் தேடித் தேய்ப்பார். தலைக்கு மேல் கையைத் தூக்கியே நாள் முழுக்க வேலை. பாதிக் கலவை அவர் முகத்தில்தான் விழும்.

வேலை முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். நிர்வாகத்தில் ஒருவர் டேப்பை எடுத்துத் தரையில் பிடித்தார். 14 அடி விட்டம், 154 சதுர அடி, 4,620 ரூபாய். மேஸ்திரி தயங்கினார். "இது வளைவுங்க, கூட வருமே" என்றார். எவ்வளவு கூட என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "அல்லாஹ்வுடைய வீடு மேஸ்திரி, உங்களுக்கும் புண்ணியம்தானே" என்று ஒருவர் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மழைக்காலம் கழித்து, ஒரு ஃபஜ்ரு நேரத்தில் கிப்லா பக்கம் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. ஸஃப்பில் அந்த இடம் காலியாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். "ஏமாற்றிவிட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இப்போது மகளின் நோட்டுக்கு வருகிறேன். ஆரம் 7 அடி. தரை வட்டம் 154 சதுர அடி. அதன்மேல் நிற்கும் அரைக்கோளத்தின் உள்பரப்பு 308 சதுர அடி. சரியாக இரண்டு மடங்கு. குப்பா தாழ்வாக இருந்தால் இவ்வளவு வராது. அதே 14 அடி விட்டத்தில் உயரம் மூன்றரை அடி என்றால் 192 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். எங்களுடையது முழு அரைக்கோளம். ஆக, பேசிய கூலியில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறோம். அவரை விலையில் அடித்துப் பேசவில்லை, அளவில் குறைத்தோம். இதற்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு. குர்ஆனின் 83வது சூராவுக்கே அந்தப் பெயர்தான், முதஃப்பிஃபீன். தனக்கு வரும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்கள். அந்த சூராவை எத்தனையோ தடவை தொழுகையில் ஓதியிருக்கிறேன். தராசு வைத்திருக்கும் கடைக்காரருக்கு இறங்கியது என்றே நினைத்து ஓதியிருக்கிறேன். டேப்பும் ஓர் அளவுகோல்தான் என்று தோன்றவில்லை.

"தெரியாமல் நடந்தது" என்று சொல்லித் தப்பிக்கலாமா? இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கைத் துல்லியமாக எழுதிவைத்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. ஸமர்கந்தில் உலுக் பேக்கின் சபையில் இருந்த ஜம்ஷீத் அல்காஷி, 1427இல் முடித்த மிஃப்தாஹுல் ஹிஸாப் என்ற அரபி நூலில், வளைவுகள், குப்பாக்கள், தேன்கூடு போல் அடுக்கடுக்காகத் தொங்கும் முகர்னஸ் இவற்றின் பரப்பை அளப்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். வட்டத்தின் சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை 16 தசம இடங்கள் வரை கண்டவர் அவர். அப்படிப்பட்டவர் வளைவான கூரையை அளக்க, கைக்கு எளிதான பெருக்கல் எண்களைக் கொடுத்திருக்கிறார். பரப்பு தெரிந்தால்தான் எவ்வளவு பொருள் வேண்டும், எவ்வளவு கூலி நியாயம் என்பது தெரியும். நாங்களோ அரபிக் கல்லூரியில் ஓதிவிட்டு டேப்பைத் தரையில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆரணிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அல்காஷி தேவையில்லை. நீங்கள் பட்டு நெய்யும் ஊரில் இருக்கிறீர்கள். பிளெயின் சேலையும் ஆறு கஜம், உடல் முழுக்கப் புட்டா போட்ட கோர்வைச் சேலையும் ஆறு கஜம். நீளம் ஒன்றுதான் என்று இரண்டுக்கும் ஒரே கூலி கொடுத்தால் தறிக்காரர் பாவு ஏற்றுவாரா? இந்த ஊரில் குழந்தைக்குக் கூடத் தெரியும் விஷயம் இது. தறியில் தெரியும் நியாயம் சாரத்தில் மட்டும் ஏன் மறைந்துபோகிறது?

"அல்லாஹ்வுடைய வீடு" என்ற பேச்சுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளி கட்டத் தேர்ந்த இடம் இரண்டு யத்தீம் பிள்ளைகளுடையது. அவர்கள் அதை இனாமாகத் தர முன்வந்தார்கள். நபியவர்கள் அப்படி வாங்க மறுத்து, விலைக்கே வாங்கினார்கள் என்று புகாரியில் வருகிறது. மனமுவந்து கொடுத்ததையே ஏற்காத இடத்தில், மனமில்லாதவரிடம் பிடித்து வைப்பது எங்கே? அவர் கூலியை விட்டுக்கொடுத்தால் அது அவர் செய்யும் தர்மம். நாம் பிடித்துக்கொண்டால் அதற்குத் தர்மம் என்று பேர் வைக்க நமக்கு உரிமை இல்லை. ஆளை அமர்த்தி, வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொன்னதாக ஹதீஸ் குத்ஸியும் புகாரியில் உண்டு.

இதைப் பழைய நிர்வாகிகளிடம் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "அவன் பூசியது விழுந்துவிட்டதே ஹஜ்ரத், விழுந்த வேலைக்கு ஏன் பாக்கி?" நல்ல கேள்வி. சிந்தித்துப் பாருங்கள்.

அவர் பக்கமும் பிழை இருந்தது உண்மை. தளத்தின் அடிப்பக்கம் பூசும் பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும். அரசுப் பொதுப்பணி வேலைகளில் அதற்குச் சொல்லும் கனம் 6 மில்லிமீட்டர். பூசும் முன் கான்கிரீட்டைக் கொத்திவிட்டு நனைக்க வேண்டும். பள்ளம் அதிகமென்றால் ஒரு கை பூசி, கீறிவிட்டு, அது இறுகிய பிறகு அடுத்த கை. விழுந்த துண்டு ஓர் அங்குலத்துக்கு மேல் கனம், ஒரே கையில் பூசியது. ஒட்டியிருந்த கான்கிரீட் கண்ணாடி போல் வழவழப்பு, கொத்தவே இல்லை. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டு, வியாபாரியைக் கண்டித்த சம்பவம் முஸ்லிமில் வருகிறது. மேலே காய்ந்தது, உள்ளே நனைந்தது. பூச்சும் அந்தக் குவியல் போலத்தான். கூலி குறைந்தது என்பதற்காக உள்ளே குறைக்க அவருக்கும் அனுமதி இல்லை. மோசடி செய்தவனுக்குக்கூட மோசடி செய்யாதே என்பதுதான் நமக்கு வந்த வழிகாட்டுதல். அவர் பூசியபோது கூலி குறையப்போவது அவருக்குத் தெரியவும் தெரியாது.

ஆனால் நம் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. சிமெண்ட் பூச்சை ஒரு வாரமாவது நனைத்து வைக்க வேண்டும். மூன்றாம் நாளே, ரமளான் வருகிறது, பெயிண்டர் வந்துவிட்டார், தண்ணீர் அடிக்காதே என்று சொன்னது நாங்கள். அப்படிச் சொல்லி அனுப்பியதில் என் குரலும் உண்டு. ஆற்காட்டு நவாப் வாலாஜா 1768இல் சென்னையில் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனைக் காலத்தில் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று ஒரு பூச்சு பேர்பெற்றிருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை மைபோல் அரைத்து, கை மேல் கையாகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல் ஆக்குவார்கள். அந்தப் பளபளப்பில் பாதி சுண்ணாம்பு, பாதி நாட்கள். 2012 ஜனவரியில் அந்த அரண்மனையின் கலஸ் மஹால் தீயில் போனபோது, திரும்பக் கட்டியதும் சுண்ணாம்புக் கலவையைக் கொண்டுதான். அதற்கு ஆண்டுகள் ஆயின. நாங்கள் ஒரு குப்பாவுக்கு நான்கு நாள் கூடத் தரவில்லை.

எனவே இரண்டு கணக்கு. பொதுவில் வேலை எடுத்துச் செய்பவரை ஹனஃபி ஃபிக்ஹில் அஜீர் முஷ்தரக் என்போம். அவர் கைப்பிழையால் வந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு. விழுந்தது சுமார் 10 சதுர அடி. அந்தப் பத்து அடி அவர் கணக்கு. குறைத்த 154 அடி நம் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க முடியாது.

வீடு கட்டுகிற சகோதரர்களே! இப்போது ஆர்ச், வளைந்த சீலிங், ஜிப்சம் வேலை இல்லாத வீடே இல்லை. எப்படி அளப்பது என்பதைச் சாரம் கட்டும் முன்பே பேசி எழுதிவிடுங்கள். கூலியின் அளவு தெளிவில்லாத ஒப்பந்தம் ஷரீஅத்தில் ஃபாஸித். அப்படி நடந்துவிட்டால் ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாக உள்ள கூலி கடமையாகிறது. உங்கள் டேப் வளையாது என்றால் ஒரு நூலை வளைவோடு ஒட்டிப் பிடித்து அளங்கள். நூலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

மேஸ்திரியைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. முழங்கால் போய்விட்டது, இப்போது சாரம் ஏறுவதில்லை. அன்றைய நிர்வாகிகள் மூன்று பேரும் நானும் சேர்ந்து, பாக்கி 4,620 ரூபாயை ஒரு கவரிலும், இத்தனை ஆண்டு தாமதத்துக்கு ஹதியாவாக ஒரு தொகையை இன்னொரு கவரிலும் கொண்டுபோனோம். மகளின் நோட்டுத் தாளைக் காட்டிக் கணக்கைச் சொன்னேன். இரண்டு மடங்கு என்றதும் சிரித்தார். "கையிலே வலி தெரியும் ஹஜ்ரத், கணக்குதான் தெரியாது" என்றார்.

துண்டு விழுந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். கிப்லா பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சித்தாள் சீக்கிரம் போய்விட்ட ஒரு சாயங்காலம், கொத்தாமல் பூசிய இடம் அதுதான் என்றார். எத்தனை அடி என்று கேட்டார். பத்து என்றேன். முதல் கவரைப் பிரித்து 300 ரூபாயை எண்ணி என் முன்னால் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அந்த இடத்தைத் திரும்பப் பூசியது பள்ளிவாசல் பணத்தில் என்பது நினைவுக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன். மறுநாள் அந்த ஊர் முத்தவல்லியிடம் அவர் பேரில் ரசீது போட்டு, தபாலில் அனுப்பிவைத்தேன்.