புலாலும் பலகாரமும்: சத்துக் கணக்கில் அறம் அடங்குமா?

சென்னையிலும் பெங்களூரிலும் விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் சிராவகக் குடும்பத்து இளைஞர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒரு வினாவையும் உடன் கொண்டு வருகிறார்கள். "புலாலில் புரதம் உண்டு, இரும்புச் சத்து உண்டு. நம் வீட்டு விசேஷங்களில் இலை நிறையப் பரிமாறப்படும் லட்டிலும் ஜாங்கிரியிலும் என்ன உண்டு? சத்துள்ளதை விலக்கிச் சத்தற்றதை உண்பது எவ்வாறு அறமாகும்?" என்பதே அவ்வினா. உடன் தங்கும் நண்பர்கள் கேட்க, விடை சொல்ல இயலாமல் வந்தவர்களே இவர்களுள் பெரும்பாலோர்.

இதற்கு நம் பெரியோர் பலரும் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு. புலால் உண்டால் நோய் வரும். மனிதரின் பல்லும் குடலும் அதற்கு ஏற்றவை அல்ல. அதிலுள்ள சத்து முழுவதும் கீரையிலும் பருப்பிலும் கூடுதலாகவே இருக்கிறது என்பர். கூறுவோரின் நோக்கம் நன்று. ஆயினும் விடை நிலைத்து நில்லாது. மருத்துவம் பயிலும் பிள்ளை ஒருவன் தன் பாடநூலைப் புரட்டினால் அரை மணி நேரத்தில் அது சரிந்துவிடும்.

ஆகவே கணக்கை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். நூறு கிராம் ஆட்டிறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. உடல் எளிதில் ஏற்கும் வடிவில் இரும்பும், துத்தநாகமும், பி12 என்னும் வைட்டமினும் உண்டு. நூறு கிராம் சர்க்கரையிலோ 400 கலோரி எரிசக்தியைத் தவிர வேறொன்றும் இல்லை எனலாம். ஜாங்கிரியில் உளுந்து இருக்கிறதே, மைசூர்பாகில் கடலை மாவு இருக்கிறதே என்றால், இருக்கின்றன. சர்க்கரைக்கும் நெய்க்கும் நடுவே சிறிதளவு இருக்கின்றன. இவ்விரண்டை மட்டும் தராசின் இரு தட்டுகளில் வைத்தால் புலாலின் தட்டே தாழும். இதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை.

ஆனால் தராசில் வைத்த பொருள்தான் தவறு. புலாலுக்கு ஈடாக நம் முன்னோர் பலகாரத்தை வைக்கவில்லை, பருப்பை வைத்தனர். துவரையிலும் பயற்றிலும் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம். நிலக்கடலையில் இருபத்தைந்து பங்கு. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. பொங்கலும் இட்லியும் அடையும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிய உணவுகள். கீரையின் இரும்பு எளிதில் உடலில் சேராது என்பது உண்மையே; எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் கூடுதலாகச் சேரும், உண்டவுடன் காபி அருந்தினால் குறையும். பி12 மட்டும் எந்தக் காய்கறியிலும் பருப்பிலும் இல்லை. பாலும் தயிருமே நமக்கு வழி. முதுமையில் அதுவும் போதாமற்போவதுண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் மாத்திரையை அப்போது மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். (மாத்திரை என்றே கேட்க வேண்டும், உறை மருந்துகளின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின்.)

2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதைக் கொண்டு புலால் அனைத்தும் நஞ்சு என்று முழங்குவது முறையன்று. அம்முகமை கூறியதற்கு மேல் நாம் கூறக் கூடாது.

பள்ளிக்கூடங்களில் இக்கணக்கு நாள்தோறும் நடைபெறுகிறது. 1982 ஜூலை முதல் நாள் தமிழகத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். ஒரு பழத்தில் 1 கிராம் அளவே. பருப்பும் பாலும் வீட்டில் நிறைய உள்ள பிள்ளைக்கு இது குறையாகாது. வீட்டில் இல்லாத பிள்ளைக்குக் குறைதான். நம் சமூகத்திலும் அத்தகைய வீடுகள் உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் கர்நாடகத்தின் சில மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியபோது, லிங்காயத்து மடாதிபதிகள் உள்ளிட்ட சமயத் தலைவர்கள் சிலர் எதிர்த்தனர். பிறர் வீட்டுப் பிள்ளையின் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்வதைக் காட்டிலும், நம் பிள்ளையின் தட்டில் பழத்தோடு ஒரு கைப்பிடிச் சுண்டல் வைக்கும்படி கேட்பதே தக்கது என்பது நம் கருத்து.

இனி அறத்திற்கு வருவோம். அணுவிரதங்களில் கொல்லாமைக்கு அடுத்து நிற்பது வாய்மை. முதல் விரதத்தைக் காப்பதற்காக இரண்டாவதை உடைத்தால், இரண்டும் நம் கையில் தங்குவதில்லை. புலால் நோய் தரும் என்ற சொல்லை நம்பி விலக்கிய பிள்ளை, புலால் உண்டும் நலமாக வாழ்வோரைக் கண்ட அன்றே விரதத்தைக் கைவிடுவான். அவன்மீது என்ன பிழை? அவனுக்கு நாம் தந்த காரணம்தானே பொய்த்தது!

திருக்குறளின் அமைப்பே இதை விளக்கும். புலான்மறுத்தல் 26ஆவது அதிகாரம். அறத்துப்பாலில், அருளுடைமையை அடுத்து வைக்கப்பெற்றுள்ளது. உணவின் அளவையும் செரிமானத்தையும் நோயையும் பேசும் மருந்து என்னும் அதிகாரமோ 95ஆவது. அது பொருட்பாலில் உள்ளது. மருந்தில் புலால் நோய் தரும் என்ற பேச்சில்லை. புலான்மறுத்தலில் உடல்நலம் பற்றிய பேச்சில்லை. அருளுக்குரிய கேள்வி வேறு, உடலுக்குரிய கேள்வி வேறு என்று வள்ளுவர் தெளிவாகப் பிரித்து வைத்தார். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடும் நாம்தான் இரண்டையும் கலந்துவிட்டோம்.

நம் மாவட்டத்தில் போளூருக்கு அருகே, திருமலையில், ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பாறையில் நிற்கும் நேமிநாதரை வணங்காத தமிழ்ச் சமணர் குறைவு. அப்பெருமானின் வரலாற்றை நினைவு கூர்வோம். மண ஊர்வலத்தில் தேர் ஏறிச் செல்கையில், விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் கதறல் அவர் செவியில் விழுந்தது. தேரைத் திருப்பினார், ராஜீமதி காத்திருக்க, ஊர்ஜயந்தகிரிக்குத் துறவியாய்ச் சென்றார். அந்த இறைச்சியில் சத்து உண்டா இல்லையா என்று அவர் ஆராயவில்லை. உண்டு என்றே வைத்துக்கொள்வோம், தேர் திரும்பியேயிருக்கும். பிள்ளைகளுக்கு நாம் கூறத்தக்க விடை இதுதான்: ஆம், புலாலில் சத்து உண்டு, இருந்தும் வேண்டாம் என்கிறோம். பயனற்ற ஒன்றை விடுவதற்கு விரதம் எதற்கு?

இவ்வாறு கூறியபின், வினாவின் மறுபாதி நம்மைப் பார்த்து நிற்கிறது. புலாலை அருளால் விட்டோம். பலகாரத்தை எதனால் உண்கிறோம்?

இனிப்பு என்பதால் ஒன்று குற்றமற்றதாகிவிடாது. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்களைக் கூறுமிடத்து, ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விடுவதைச் சேர்த்தார். உலகோர் மருந்துக்கும் பயன்படுத்தும் தேனை ஊனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்! யசோதர காவியம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உயிர்ப்பலிக்கு மனம் ஒவ்வாத யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். மாவில் உயிருமில்லை, ஊனுமில்லை. ஆயினும் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல பிறவிகளில் உழன்றனர். வினை பொருளில் மட்டும் இல்லை, கருத்தில் இருக்கிறது என்பது காவியத்தின் துணிபு.

இன்றைய கடைகளில் தேனைவிட நுட்பமானவை உண்டு. இனிப்பின்மீது ஒட்டும் வெள்ளித்தாள், மாட்டின் குடற்சவ்வு அல்லது தோலின் அடுக்குகளுக்கிடையே வைத்து அடிக்கப்படுவது பழைய முறை. இயந்திரத்தில் செய்வதும் உண்டு. ஆனால் தட்டில் வந்தபின் எது எதுவென்று கண்ணால் அறிய முடியாது. வெள்ளித்தாள் ஒட்டாத இனிப்பை வாங்குவது எளிது. பொட்டல மிட்டாய்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குக.

அடுத்தது அளவு. இந்தியாவில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு தேக்கரண்டிக்குள், நிறுத்துவது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. இரு வேளைக் காபியும் ஒரு லட்டும் அதைத் தாண்டிவிடும். வெல்லம் என்றால் தீங்கில்லை என்போரும் உளர். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே. எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் எள்ளுக்காகவும் கடலைக்காகவும் மதிக்கத்தக்கவை, வெல்லத்திற்காக அல்ல.

இதற்கு நமக்கு வெளிநாட்டு அறிவுரைதான் வேண்டுமா? போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதம், நுகர்பொருள்களுக்கு நாமே எல்லை வகுத்துக்கொள்வது. ரச பரித்தியாகம் என்னும் தவமோ பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு ஆகிய சுவைகளை விடுவது. விருப்பு வெறுப்புகள் எழுவதே இம்சை என்று அமிர்தசந்திரர் வரையறுத்தார். நாவின் விருப்பை மனம்போல் வளரவிட்டு, இலையில் ஊன் இல்லை என்பதால் மட்டும் அகிம்சையாளர் என்று நாம் நிறைவடைவதற்கு இடமில்லை. விரத நிறைவின் பாரணையிலேயே நான்கு வகை இனிப்புகள் பரிமாறும் வழக்கம் எப்போது புகுந்ததோ!

மாணவி ஒருத்தி இதையெல்லாம் கேட்டபின், "கொல்லாமைதான் காரணம் என்றால் பால்கோவா எப்படி?" என்று வினவினாள். இது முந்தைய வினாவினும் கடினமானது. கன்று ஈனாமல் பசு பால் தராது. ஈன்ற கன்று காளையாயின், உழவுக்கும் வண்டிக்கும் அது வேண்டியிருந்த காலத்தில் வீட்டிலேயே வளர்ந்தது. டிராக்டர் வந்தபின் அதற்கு வேலையில்லை. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் நிற்கும் மாடுகள் அனைத்தும் உழவர் வீட்டுக்கே செல்கின்றன என்று யாரும் உறுதி கூற இயலாது. உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. எருமை இறைச்சியை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள்ளும் ஒன்று. இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. பால்கோவாவுக்கும் புலாலுக்கும் இடையே நாம் எண்ணியிருந்த தொலைவு இல்லை.

பாலை அறவே விடுக என்று நாம் கூறவில்லை. பி12க்கு நம் உணவில் வேறு வழியில்லை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது மருந்து போன்றது. ஆனால் ஒரு கிலோ கோவாவுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் பால் சுண்ட வேண்டும். தேவைக்குக் கொள்ளும் ஒரு குவளைப் பாலும், நாவுக்காகச் சுண்டவைக்கும் ஐந்து லிட்டரும் ஒன்றல்ல. பால் வற்றிய பசுவை இறுதிவரை வைத்துப் பேணும் வீடுகள் நம் கிராமங்களில் இன்றும் உள்ளன. அவ்வீட்டுப் பாலுக்குச் சற்றுக் கூடுதல் விலை தரலாம். நகரத்தில் வாழ்வோர் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

அம்மாணவி பாலை விடவில்லை. கோவாவில் செய்த பலகாரங்களை மட்டும் விட்டிருக்கிறாள். தீபாவளிக்குத் தன் கையால் திரட்டிய பால்கோவாவைப் பேத்தி தொடவில்லையே என்று அவளுடைய பாட்டிக்கு இன்னும் வருத்தம்.