குறைக் கோணத்தில் ஒரு பிரதோஷம்

பிளஸ் ஒன்னில் குறைக் கோணம் நடத்தும் நாளன்று கரும்பலகையில் பெரிய கோயிலை வரைந்துவிடுவேன். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு வேறு படம் எதற்கு? நடுவில் கருவறை, அது ஆதிப்புள்ளி. சன்னிதி கிழக்குப் பார்த்தது. எதிரே இருக்கும் நந்தி பூச்சியம் பாகை. ஆரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், நிற்கும் இடத்தின் கிழக்கு மேற்கு அளவு கோசைன், வடக்கு தெற்கு அளவு சைன். இடஞ்சுழியாகப் போனால் கோணம் மிகை, வலஞ்சுழியாகப் போனால் குறை. இங்கேயே சிரிப்பு கிளம்பிவிடும். ஊரே புண்ணியம் என்று வருகிற வலம், கணக்கில் மைனஸ்!

மைனஸ் என்றாலே இழப்பு என்று நினைப்பது பழக்கதோஷம். 628இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் சொத்தாகவும் குறை எண்ணைக் கடனாகவும் வைத்து விதி வகுத்தார். அங்கே அந்த நினைப்பு பொருந்தும். கோணத்தில் கடனும் இல்லை, பாவமும் இல்லை. எந்தப் பக்கம் போனோம் என்பது மட்டுமே. மெக்காவில் கஅபாவை இடஞ்சுழியாகத்தான் ஏழு முறை சுற்றுகிறார்கள்.

நந்தியிடமிருந்து இரண்டு பெண்கள் கிளம்பட்டும். ஒருத்தி வடக்கே 60 பாகை, இன்னொருத்தி தெற்கே 60 பாகை. இருவருக்கும் கோசைன் அரைதான். சைன் மட்டும் ஒருத்திக்கு √3/2, மற்றவளுக்கு −√3/2. சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்பார்கள்: நல்வினைப் பயன், தீவினைப் பயன் இரண்டையும் உயிர் ஒரே மாதிரி பார்க்கும் நிலை. கோசைனுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. சைன் நம்மைப் போல. பக்கம் மாறினால் குறி மாறிவிடும்.

ஒரு வருஷம் பின்பெஞ்சுப் பெண் கேட்டாள்: “மூணு சுத்து சுத்துனா −1080. சைன் பூச்சியம், கோசைன் ஒண்ணு. நந்திகிட்டயே உக்காந்திருந்தவளுக்கும் அதேதானே டீச்சர்? அப்போ சுத்துனது வீணா?”

நிற்கிற இடம்தான் சைனுக்கும் கோசைனுக்கும் தெரியும். வந்த வழி தெரியாது. வந்த வழி கணக்கில் உண்டா என்பது சமயத்தின் கேள்வி. எல்லா வழியும் ஓரிடத்தில்தான் சேரும் என்று மேடையில் பேசுவது சுலபம். எனக்கு அது ஒப்பவில்லை. வினை என்று ஒன்று உண்டென்றால், வழி எங்கோ பதிந்துதானே ஆகவேண்டும்?

பிரதோஷத்தன்று சோமசூக்தப் பிரதட்சிணம் செய்கிறவர்களைப் பாருங்கள். நந்தியிலிருந்து இடமாக வடக்கே சண்டிகேசுவரர் வரை போய், அதே வழியில் நந்திக்குத் திரும்புகிறார்கள். பிறகு வலமாகத் தெற்கு, மேற்கு சுற்றி வடக்கே கோமுகி வரை. அபிஷேக நீர் வழியும் அந்தக் கோமுகியைத் தாண்டக்கூடாது. மறுபடி வந்த வழியே நந்திக்கு. கோமுகிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் ஏறக்குறைய 90 பாகை, அந்தப் பக்கம் நிற்பவர் −270. கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம். இருவருக்கும் சைன் ஒன்று, கோசைன் பூச்சியம். ஆனால் ஒருவர் கால் சுற்று நடந்தவர், மற்றவர் முக்கால் சுற்று.

கலப்பெண் பாடத்திலும் இதே சங்கடம் உண்டு. ஒரு புள்ளிக்கு ஒரே கோணம்தான் என்று உறுதியாகச் சொல்ல, தளத்தில் ஒரு கோடு கிழித்து, இதைத் தாண்டாதே என்று விதிக்கவேண்டும். தடை இல்லாவிட்டால் 90க்கும் −270க்கும் வித்தியாசமே தெரியாமல் போய்விடும். (ஆகமம் எழுதியவருக்குக் கலப்பெண் தெரியும் என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.)

பக்கத்து வீட்டு மாமியிடம் அந்தப் பிரதோஷச் சுற்றைப் பற்றிச் சொன்னேன். போனதும் வந்ததும் கழிந்து, நிகரக் கோணம் பூச்சியம், ஒரு சுற்றுகூட முடியவில்லையே என்றேன். மாமி குறியைப் பார்க்காமல் கூட்டினார்: 90, 90, 270, 270. “எழுநூத்தி இருபது. ரெண்டு சுத்து ஆச்சுடி” என்றார்.