இரவல் மெட்டு



போன தவக்காலத்தில் நம் பாடற்குழுவிலுள்ள வாலிபன் ஒருவன் ஆண்டவரின் பாடுகளைப் பற்றிப் புதுப்பாட்டு ஒன்று கட்டினான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். இரவு ஷிப்டு முடிந்து வந்து, கித்தாரும் கையுமாய் மூன்று வாரம் உட்கார்ந்து அதை முடித்தான். சிலுவைப்பாதையின் இறுதியில் பாடியபோது கோவிலில் ஓர் இருமல் சத்தங்கூட இல்லை. நானே அவனைத் தூண்டி ஒரு பாட்டுப் போட்டிக்கு அனுப்பிவைத்தேன். 'சொந்தப் படைப்பு' என்னும் பிரிவில் அவனுக்கு முதற்பரிசு, ஐயாயிரம் ரூபாய்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர், முன்னாளில் நம் கோவிலில் ஆர்மோனியம் வாசித்த மூதாட்டி. "சாமி, அது பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டாச்சே! சின்ன வயசிலே நாங்க பாடினது" என்றார். மற்றவர் கணினிக் கம்பெனியில் வேலைபார்க்கும் இளைஞர். "இல்லை ஃபாதர், இது பால் சைமன் பாட்டு" என்று கைப்பேசியை என் காதருகே நீட்டினார். கேட்டுப் பார்த்தேன். இருவர் சொன்னதும் மெய்யே.

அந்த மெட்டின் வமிச வரலாறு வேடிக்கையானது. 1601-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் அதை வெளியிட்டபோது, அது ஒரு கன்னிகையின்மேல் மயங்கித் தடுமாறுகிற காதலனின் பாட்டு. சில ஆண்டுகளில் அதே மெட்டு நல்மரணத்துக்கு ஏங்கும் ஞானப்பாட்டாயிற்று. 1656-ல் பவுல் கெர்ஹார்ட் என்ற லுத்தரன் போதகர், முள்முடி தரித்த திருச்சிரசைப் பற்றிய பழைய லத்தீன் பாட்டைத் தழுவி எழுதிய சொற்கள் அதனோடு சேர்ந்தன. அவர்களிடமிருந்து நம்மவர்களும் எடுத்துக்கொண்டோம். மகா சங்கீத வித்துவானான பாக் தம்முடைய மத்தேயு பாடுகளின் இசையில் அதைத் திரும்பத் திரும்பக் கையாண்டார். கடைசியாக, ராக் பாட்டுத் தலைமுறையைச் சேர்ந்த பால் சைமன் 1973-ல் தம் தேசத்தின் சோர்வைப் பாடுவதற்கு அதையே எடுத்தார். பாட்டுக்கு 'அமெரிக்கன் ட்யூன்' என்று பெயர்.

அப்படியானால் இவர்களெல்லாம் திருடர்களா? ஏழாம் கற்பனையை இங்கே எப்படிப் பொருத்துவது? களவு என்பது பிறர் பொருளை மறைவாய் எடுப்பது என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ். ஒருவனுடைய மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அவன் கொட்டில் காலியாகும். மெட்டை எடுத்தாலோ அது உடையவனிடமும் இருக்கிறது, எடுத்தவனிடமும் இருக்கிறது. ஆகையால் இவ்விஷயத்தில் 'எடுப்பது' என்ற சொல்லைவிட 'மறைவாய்' என்ற சொல்லே என் மனதில் அதிகமாய் உறுத்துகிறது.

நம் பக்கத்திலேயே ஓர் அழகான சான்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்தது. சென்னைக் கோட்டை வெள்ளைப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தில் ஒலித்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். இங்கிலாந்து ராஜவாழ்த்தின் மெட்டிலே தம் தேவியைப் பாடினார். சங்கீதம் பயிலும் குழந்தைகளுக்கு அவற்றை இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவை வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'நோட்டு ஸ்வரம்'. இந்தச் சரக்கு வெள்ளைக்காரன் நோட்டிலிருந்து வந்தது என்று பெயரே சொல்லிவிடுகிறது. அங்கே மறைவு ஏது?

(இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சினிமா மெட்டில் காணிக்கைப் பாட்டு பாடலாமா?" என்று சிலர் ஓடி வருவீர்கள். கேட்டவுடன் கதாநாயகி நினைவுக்கு வருகிற மெட்டைப் பீடத்தருகே நான் விடமாட்டேன். அது களவைப் பற்றிய கேள்வியல்ல, கவனத்தைப் பற்றியது.)

ஆனால் தெரியாமல் எடுத்தவன் சங்கதி என்ன? பீட்டில்ஸ் குழுவிலிருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970-ல் 'மை ஸ்வீட் லார்ட்' என்ற பக்திப் பாட்டை வெளியிட்டார். அது 1963-ல் சிஃபான்ஸ் என்னும் பெண்கள் குழு பாடிய ஒரு காதற்பாட்டின் மெட்டு என்று வழக்கு வந்தது. தாம் மனதில் வைத்திருந்தது வேறொரு ஞானப்பாட்டு என்றார் ஹாரிசன். 1976-ல் நியூயார்க் நீதிபதி ரிச்சர்டு ஓவன் (அவரே இசைநாடகங்கள் இயற்றியவர்) தீர்ப்புச் சொன்னார்: வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் முன்பு கேட்டது உள்மனதில் கிடந்து வெளிவந்திருக்கிறது, ஆகவே பொறுப்பு உண்டு. 1981-ல் ஹாரிசன் கொடுக்கவேண்டிய தொகை 5,87,000 டாலர் என்று முடிவாயிற்று. பழைய பாட்டை இயற்றிய ரானி மாக் என்ற இளைஞரோ, பாட்டு பேர்பெற்ற அந்த 1963-லேயே இறந்துபோயிருந்தார்.

குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்ததும் ஏறக்குறைய இதுவே. பிறர் பொருளைத் தன்னுடையதென்று நம்பி வைத்திருப்பவனுக்குப் பாவமில்லை. உண்மை தெரிந்த கணமுதல் அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை பிறக்கிறது. நல்லெண்ணத்தோடு செலவழித்துவிட்டால், அதனால் அவன் கைமிச்சம் அடைந்த அளவுக்கு மட்டும் ஈடு செய்யவேண்டும்.

நம் வாலிபனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "சத்தியமா நானே போட்டதுன்னுதான் நெனச்சேன் ஃபாதர்" என்றான். நம்பினேன். சிறுவனாய்த் தாயின் மடியில் உட்கார்ந்து கேட்டது எங்கோ தங்கியிருக்கவேண்டும். பரிசுப் பணம் தாயின் கண் அறுவைச் சிகிச்சைக்குச் செலவாகிவிட்டது.

ஹாஸ்லர் இறந்தது 1612-ல். நம் நாட்டுச் சட்டப்படி இயற்றியவர் இறந்து அறுபது ஆண்டுவரைதான் உரிமை. எனவே அவருக்கு நஷ்டமில்லை, பாட்டைப் பாடத் தடையுமில்லை. பணத்தைப் பற்றி மேற்சொன்ன விதியை விளக்கத் தொடங்கினேன். எப்படியும் நடக்கவேண்டிய சிகிச்சைதானே, ஆகவே அவன் சொந்தப் பணம் மிச்சமாயிற்று என்று சொல்வதா, கடன் வாங்கித்தான் செய்திருப்பான் என்பதா? நானே தடுமாறிக்கொண்டிருக்கையில் அவன் குறுக்கிட்டான்.

"ரெண்டாம் பரிசு வாங்கின பொண்ணு யாரு ஃபாதர்?"

எனக்கு அது தோன்றவேயில்லை. அவள் பாட்டு அவளுடையதாகவே இருந்திருக்கும்.

போட்டி நடத்தியவர்களுக்கு அவன் கடிதம் எழுதினான். அவனை அனுப்பியவனும் மெட்டை அறியத் தவறியவனும் நானே என்று கீழே எழுதி நானும் கையெழுத்திட்டேன். பதில் இன்னும் வரவில்லை. இம்மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாயை ஓர் உறையிலிட்டு என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வருகிற பெரிய வெள்ளிக்கிழமை அந்தப் பாட்டைப் பாடுவோம். பாட்டுத் தாளின் அடியில் 'மெட்டு: ஹாஸ்லர், 1601' என்று அச்சிடச் சொல்லியிருக்கிறேன். மூதாட்டியார் ஆர்மோனியம் வாசிக்க ஒப்புக்கொண்டார். சுருதியை மட்டும் ஒரு கட்டை இறக்கவேண்டுமாம்.