போகாத பயணம் வீணா?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம்ம வீடுகளில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி மூன்று மாதத்துக்கு முன்பே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கணக்குப் போடும். இன்னொரு கட்சி, "எதுக்கு இவ்வளவு பிளானிங்? காலையில் எழுந்து கிளம்ப வேண்டியதுதானே!" என்று சிரிக்கும். நான் முதல் கட்சி. பொறியியல் படிக்கிற பையன் வேறு எப்படி இருப்பான் என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்பே, கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்தது.

2019 டிசம்பரில் அப்பா ஒரு தேதி சொன்னார்: 2020 மார்ச் 19, வியாழக்கிழமை, சன்வே லகூன். டிசம்பரிலேயே போகலாமே என்று கெஞ்சினோம். "போனஸ் வரட்டும்டா" என்றார். அன்றிரவே ஒரு பழைய மைலோ டின் உண்டியலானது.

அடுத்த மூன்று மாதமும் அந்த மேசையில் இதே பேச்சுதான். நாங்கள் கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறுவது, பிரிக்பீல்ட்ஸ் அத்தை குடும்பம் கே.எல். சென்ட்ரலில் ஏறி எதிர்த் திசையில் வருவது, இரண்டு குடும்பமும் செத்தியா ஜெயாவில் இறங்கிச் சந்திப்பது, அங்கிருந்து பி.ஆர்.டி. பஸ்ஸில் சன்வே லகூன் நிலையம் போவது என்று முடிவானது. அத்தையின் சின்ன மகனுக்கு ஒரே கவலை: உயரம் போதாது என்று சில விளையாட்டுகளில் ஏற்ற மாட்டார்களே! சனிக்கிழமைதோறும் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு அளந்துகொள்வான்.

பாட்டி முதலில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. இளம் வயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த இடம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம், தோண்டிப் போட்ட பள்ளத்தில்தான் 1993-இல் இந்தப் பூங்காவைத் திறந்தார்கள் என்று நான் சொன்னபோது சிரித்துவிட்டார். "ஈயக் குளத்துப் பக்கம் போனா அந்தக் காலத்துல அடி விழும். இப்போ காசு குடுத்துப் போறோமா?" என்றார். அப்போதுதான் அம்மா கேட்டார், "உங்களுக்கு அங்க என்ன வேணும், அத்தை?" பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார்: "எனக்கு ஒரு மணி நேரம் நிழல்ல சும்மா உக்காரணும். நீங்கெல்லாம் தண்ணியில ஆடுறதைப் பார்க்கணும்." நோட்டில் எழுதினோம்: மதியம் 2 முதல் 3 வரை, பாட்டி நேரம். அதற்குப் பிறகு எங்களைவிட அதிகமாக நாள் எண்ணியவர் அவர்தான்.

மார்ச் 16 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. எங்கள் தேதிக்கு ஒரே நாள் முன்னால்! டின்னில் இருந்த காசு வீட்டுச் செலவுக்குப் போனது. 2021-இல் பாட்டி காலமானார். சன்வே லகூனை அவர் பார்க்கவே இல்லை.

அப்படியானால் அந்த மூன்று மாதச் சந்தோஷம் பொய்யா? வீணா? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை.

பலனை எதிர்பார்க்காதே என்றுதானே நம் சமயம் சொல்கிறது, முன்கூட்டியே கனவு கண்டது நம்ம தப்பு என்று ஒரு நண்பன் சொன்னான். கீதையின் 2-ஆம் அத்தியாயம் 47-ஆவது சுலோகத்தைக் காட்டினான். நானும் எடுத்துப் படித்தேன். பலனில் உரிமை கொண்டாடாதே என்கிற அதே இடத்தில், செயலைச் செய்யாமல் இருப்பதில் பற்று வைக்காதே என்றும் கிருஷ்ணர் சொல்கிறார். திட்டமிடுவது ஒரு செயல். அதை முழு மனதோடு செய்யலாம். "நான் திட்டம் போட்டேன், அதனால் நடந்தே ஆகணும்" என்று அடம்பிடிப்பதுதான் பற்று. வள்ளுவரும் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்; யோசித்துச் செய்வதை நம் மரபு குறையாக நினைத்ததே இல்லை.

பத்துமலையை நினைத்துப் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு 48 நாள் விரதம் இருப்பவர்கள் உண்டு. அந்த நாட்களை வெறும் காத்திருப்பு என்று யாராவது சொல்வோமா? விரதமும் வழிபாட்டில் ஒரு பகுதிதான். 272 படி ஏறுவது அதன் நிறைவு. பூங்கா போவதும் காவடி எடுப்பதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாளுக்காக மனதைத் தயார்செய்யும் நாட்களுக்கும் தனி மதிப்பு உண்டு என்பதை நாம் ஏற்கெனவே அறிந்தவர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆராய்ச்சியும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. விடுமுறைக்குப் போகவிருந்தவர்கள், போகாதவர்களைவிட முன்கூட்டியே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ, மிக நிம்மதியான விடுமுறை கிடைத்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த முன்மகிழ்ச்சிக்கு எதிர்பார்ப்பு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

எனக்குக் கிடைத்த பதில் இன்னும் எளிமையானது. பாட்டியின் சந்தோஷம் எதிர்காலத்திடம் வாங்கிய கடன் இல்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்டு, அதை எழுதியும் வைத்தார்களே, அந்தச் சந்தோஷம் அன்றைக்கே அவர் கையில் வந்து சேர்ந்துவிட்டது. கட்டுப்பாட்டு ஆணையால் பயணத்தை நிறுத்த முடிந்தது. இதைத் திருப்பி வாங்க முடியவில்லை. சேர்ந்து திட்டமிடுவதன் உண்மையான பலன் இதுதான் என்று நினைக்கிறேன். அட்டவணையும் டிக்கெட்டும் சாக்கு. வீட்டில் ஒவ்வொருவர் மனதிலும் என்ன இருக்கிறது என்று கேட்க அது ஒரு வாய்ப்பு.

ஆனால் ஓர் உறுத்தலையும் மறைக்க விரும்பவில்லை. டிசம்பரிலேயே போயிருந்தால் பாட்டி பார்த்திருப்பார். திட்டமிடுவதும் தள்ளிப்போடுவதும் வெளியில் இருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. அப்பா தள்ளிப்போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன்; அவர் தேதி வைத்தார், காசு சேர்த்தார். நம்மில் பலர் அதைக்கூடச் செய்வதில்லை. "வேலை கிடைக்கட்டும், அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறோம். தேதி இல்லாத திட்டம் வெறும் பேச்சு. அதேபோல, கடன் அட்டையைத் தேய்த்துப் போகிற பயணமும் திட்டம் ஆகாது. மைலோ டின் நிறைகிற வேகத்தில் போகிற பயணம் போதும்.

2022 டிசம்பரில் ஒருவழியாகப் போனோம். அதே நோட்டு, அதே ரயில், அதே செத்தியா ஜெயா. அத்தை மகன் வளர்ந்திருந்தான். யாரும் அவனை அளக்கவே இல்லை. மதியம் 2 மணிக்கு அப்பா எதுவும் சொல்லாமல் போய் ஒரு நிழலில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக நாங்களும் போய் உட்கார்ந்தோம். 3 மணி வரை தண்ணீரில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு எங்கே போவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் இன்றைக்கே ஒரு தேதி வையுங்கள். வீட்டில் மூத்தவரிடமும் இளையவரிடமும் முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். நடந்தால் நல்லது. நடக்காவிட்டாலும், கேட்டது கேட்டதுதான்.