அவர்கள் இல்லாத அறையில்

மனிதரைப் பற்றிப் பேசுவது வேறு. மனிதரோடு பேசுவது வேறு. முன்னதற்கு அறிவு போதும். பின்னதற்குச் செவியும் வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர் இவ்விரண்டில் எதைச் செய்கிறார் என்பதைப் பொதுக்கூட்டத்தில் அறிவது கடினம். மக்கள் இல்லாத அறையில் அவர் பேசும்போதே அது வெளிப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் இதனைச் சிந்திக்க நம்மைத் தூண்டுகின்றன.

2008ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், தம் கட்சியின் குடியரசுத்தலைவர் வேட்பாளராகும் போட்டியில் இருந்த பராக் ஒபாமா, சான் பிரான்சிஸ்கோ நகரில் நன்கொடையாளர் கூட்டமொன்றில் பேசினார். பென்சில்வேனியா மாநிலத்தின் சிற்றூர்களில் 25 ஆண்டுகளாக வேலைகள் மறைந்துவிட்டன. அடுத்தடுத்து வந்த ஆட்சிகளின் வாக்குறுதிகள் பொய்த்துவிட்டன. எனவே அம்மக்கள் மனக்கசப்புற்று, துப்பாக்கியையும் சமயத்தையும் அயலார்மீதான வெறுப்பையும் பற்றிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய பேச்சின் சாரம். சில நாள்களில் அது வெளியே வந்து பெரும் சர்ச்சையாயிற்று.

2012ஆம் ஆண்டு மே மாதம் மிட் ராம்னி, புளோரிடா மாநிலத்தில், தலைக்கு 50,000 டாலர் கட்டணம் கொண்ட விருந்தில் பேசினார். எது நேர்ந்தாலும் எதிரணிக்கே வாக்களிக்கும் 47 விழுக்காட்டினர் அரசைச் சார்ந்து வாழ்பவர்கள் என்றும், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது தம் வேலையன்று என்றும் கூறினார். அவ்விருந்தில் மது பரிமாறிய பணியாளர் ஒருவர் அப்பேச்சைப் பதிவு செய்திருந்தார். உழைப்பவர் எவரும் அங்கில்லை என்று எண்ணிப் பேசிய அறையில், உழைப்பவர் ஒருவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஹிலாரி கிளிண்டன், நியூயார்க் நகரில் நிதி திரட்டும் கூட்டமொன்றில், டொனால்டு டிரம்ப்பின் ஆதரவாளருள் பாதிப்பேரை இழிந்தோர் கூடை ஒன்றில் போடலாம் என்றார். மற்றப் பாதிப்பேர் அரசாலும் பொருளாதாரத்தாலும் கைவிடப்பட்டவர்கள், அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் தொடர்ந்து சொன்னார். ஆனால் கேட்டவர் மனத்தில் நின்றது கூடை மட்டுமே. 'பாதிப்பேர்' என்று சொன்னதற்கு மறுநாள் வருந்தினார். 2008இல் ஒபாமாவின் பேச்சை மேட்டிமைத்தனம் என்று கண்டித்தவர் இவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இம்மூன்றில் இரக்கம் மிகுந்தது ஒபாமாவின் பேச்சு. ஆகவேதான் அதை நான் கூர்ந்து நோக்க விரும்புகிறேன். அதில் உண்மை இருந்தது. பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்றொரு நகர் உண்டு. அங்கிருந்த மாபெரும் ஆலை 1995இல் எஃகு உற்பத்தியை நிறுத்திற்று. 2001இல் அந்நிறுவனமே நொடித்துப்போயிற்று. 2009இல் அந்நிலத்தில் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. 'அப்பத்தின் வீடு' என்று பொருள்படும் பெயர் தாங்கிய நகரின் கதை இது. அங்கு வாழ்ந்தோர் மனம் கசந்தனர் என்பதில் பொய் என்ன?

பிழை வேறிடத்தில் இருக்கிறது. நம் நம்பிக்கைகளுக்கு நாம் நியாயம் சொல்கிறோம். பிறர் நம்பிக்கைகளுக்குக் காரணம் தேடுகிறோம். நான் கோவிலுக்குச் செல்வது இறைவன் இருக்கிறார் என்பதற்காக. வேலையிழந்தவன் செல்வது ஆலை மூடியதற்காக! காய்ச்சலுக்குக் காரணம் தேடுவோம். காய்ச்சலிடம் எவரும் நியாயம் கேட்பதில்லை. ஒருவருடைய கருத்தை நோய்க்குறியாக ஆக்கிவிட்டால், அவரோடு வாதிடும் கடமையிலிருந்து நாம் தப்பிவிடுகிறோம்.

மேலும், துயருற்றோர்க்குச் சமயம் வெறும் பிடிகொம்பு என்பதும் முழு உண்மையன்று. ஓஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் பகுதியில் 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் எஃகு ஆலை ஒன்றை மூடும் அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். அப்போது கத்தோலிக்க ஆயர் ஜேம்ஸ் மலோன், பிற சபைத் தலைவர்களோடு இணைந்து, ஆலையை ஊர்மக்களும் தொழிலாளருமே வாங்கி நடத்தும் திட்டத்தை முன்வைத்தார். மக்கள் தம் சேமிப்பை அதற்கென வைப்புநிதியாகச் செலுத்தினர். 1979இல் நடுவண் அரசு கடனுக்கு உத்தரவாதம் அளிக்க மறுத்ததால் முயற்சி தோற்றது. அம்மக்கள் சமயத்தைப் பற்றிக்கொண்டது உண்மையே, செயலாற்றுவதற்காகவும் பற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் தொழிலாளரின் சினம் எல்லாம் நேரியதா என்ற வினா எழலாம். இல்லை. பிழைப்புத் தேடி வந்த அயலாரை வெறுப்பது, வேலையிழந்தவர் செய்தாலும் பாவமே. ஆனால் அதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். "நீ செய்வது தவறு" என்று ஒருவரிடம் சொல்லும்போது அவரைப் பொறுப்புள்ள மனிதராக மதிக்கிறோம். "பாவம், அவன் நிலை அப்படி" என்று பிறரிடம் சொல்லும்போது அம்மதிப்பை எடுத்துவிடுகிறோம்.

முகத்துக்கு நேரே சொல்வதெல்லாம் மதிப்பாகிவிடுவதும் இல்லை. அதே யங்ஸ்டவுனில் 2017ஆம் ஆண்டு ஜூலையில் குடியரசுத்தலைவர் டிரம்ப், வேலைகள் அனைத்தும் திரும்பி வரும், வீடுகளை விற்றுவிடாதீர்கள் என்று மக்களிடம் கூறினார். அண்மையிலுள்ள லார்ட்ஸ்டவுன் கார் தொழிற்சாலையில் 2019 மார்ச்சில் உற்பத்தி நின்றுபோயிற்று. ஏழையை இகழ்வதும் ஏழைக்கு இனிக்க இனிக்கப் பேசுவதும் ஒரே அவமதிப்பின் இரு முகங்கள். இரண்டிலும் உண்மையைத் தாங்கும் வலிமை அவருக்கு இல்லை என்றே நாம் தீர்ப்பிடுகிறோம்.

அரசியலாரைக் குறை கூறிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள இயலாது. பல ஆண்டுகளுக்கு முன், கோவில் கட்டட நிதிக்கு உதவ வந்த சில அன்பர்களோடு பங்கு இல்லத்தில் உணவருந்தினேன். "இம்மக்களை வறுமை வாட்டுகிறது, அதனால்தான் நவநாள், நேர்ச்சை என்று ஓடி வருகிறார்கள்" என்று அவர்களிடம் விளக்கினேன். என்னைப் பெரிய சிந்தனையாளனாக எண்ணிக்கொண்டேன். விருந்தினர் சென்றபின், பரிமாறிய அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டே சொன்னார்: "சாமி, எங்க வீட்டுல சோறு இருந்த நாள்லயும் நான் கோவிலுக்கு வந்திருக்கேன்."

அவருக்கு அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் சொன்னது பொய்யன்று. அவரைக் கேட்காமல் அவருக்காகச் சொன்ன விடை அது.

எரிகோவின் வழியோரத்தில் கூவி அழைத்த பார்வையற்றவரைக் கூட்டம் அதட்டி அடக்க முயன்றது. அவருக்கு வேண்டியது இன்னதென்று பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் ஆண்டவர் அவரை அருகில் அழைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார். வாக்குக் கேட்பவர்க்கும், பங்கை நடத்துபவர்க்கும், பணியாளரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு இல்லத்தார்க்கும் அக்கேள்வி பொருந்தும். அடுத்த முறை நாம் ஏழைகளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, பரிமாறிக்கொண்டிருப்பவர் யார் என்று ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம்.